அதிகம் ஓடிய காரை நாமே பார்த்துக்கொள்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய காரை வீட்டிலேயே கவனித்துக்கொள்ள நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பெட்ரோல், டீசல் கார்களை மனதில் வைத்துத்தான் பதில்கள். இங்கே சொல்லும் அளவும் உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் அளவும் முட்டிக்கொண்டால் கையேட்டின் பக்கம் போங்கள்.

எத்தனை கிலோமீட்டர் ஓடினால் 'அதிகம் ஓடிய வண்டி'?

அப்படி ஒரு கோடு கிடையாது. நெடுஞ்சாலையில் சீராக ஓடிய 2 லட்சத்தைவிட, தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் போய் இன்ஜின் சூடேறும் முன்பே அணைக்கப்பட்ட 80 ஆயிரம் மோசமாக இருக்கலாம். குறுகிய ஓட்டத்தில் ஆயிலில் சேரும் ஈரமும் எரியாத எரிபொருளும் ஆவியாகி வெளியேற நேரமே இருக்காது. வயதையும் பார்க்க வேண்டும். ஹோஸ், பெல்ட், ரப்பர் புஷ், டயர் எல்லாம் வண்டி நின்ற இடத்தில் நின்றாலும் மூப்படையும்.

எண்ணைப் பார்த்து மிரள்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவின் இர்வ் கார்டன் 1966இல் புதிதாக வாங்கிய வால்வோ பி1800 காரில் 2013இல் 30 லட்சம் மைலைத் தொட்டார். ஏறக்குறைய 48 லட்சம் கிலோமீட்டர். நடுவில் இன்ஜினைப் பிரித்துச் செய்ததும் உண்டு. ஆனால் வண்டி அதே வண்டிதான்.

பழைய வண்டி வாங்கினேன். என்ன மாற்றினார்கள், எப்போது மாற்றினார்கள் என்று ஒரு குறிப்பும் இல்லை. எங்கே தொடங்குவது?

குறிப்பு இல்லை என்றால் எதையும் மாற்றவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பு வைத்திருந்தவர் "எல்லாம் பார்த்தாச்சு" என்று சொன்னது கணக்கில் வராது.

முதலில் விசாரிக்க வேண்டியது டைமிங் பெல்ட், அதாவது பிஸ்டனோடு ஒத்திசைந்து வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் பெல்ட். உங்கள் இன்ஜினில் பெல்ட்டா, செயினா என்று தெரிந்துகொள்ளுங்கள். பெல்ட் என்றால் அதற்கு ஆயுள் உண்டு. தயாரிப்பாளரைப் பொறுத்து 60 ஆயிரம் முதல் 1.6 லட்சம் கி.மீ. வரை சொல்வார்கள், கூடவே ஒரு வருடக் கணக்கும் இருக்கும். இரண்டில் எது முந்துகிறதோ அதுதான் கெடு. பெரும்பாலான இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் திறந்து நிற்கும் வால்வுகளில் பிஸ்டன் வந்து மோதும். அதற்குப் பிறகு இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றாமல் வழியில்லை. பெல்ட் அறுவதற்கு முன் சத்தம் கொடுத்து எச்சரிக்கும் என்று காத்திருக்காதீர்கள், பெரும்பாலும் எச்சரிக்காது. மாற்றும்போது டென்ஷனர், ஐட்லர், அதே பெல்ட்டில் ஓடும் வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். செயின் இருக்கும் இன்ஜினில் கெடு இல்லை. ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு நொடி கலகலவென்று சத்தம் வந்தால் செயினோ டென்ஷனரோ தளர்கிறது.

அடுத்து திரவங்கள்: இன்ஜின் ஆயில், கூலண்ட், பிரேக் ஆயில், கியர் ஆயில். பிறகு ஏர் ஃபில்டர், எரிபொருள் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், வெளியே ஓடும் பெல்ட். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கங்களையும் படியுங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் பிரித்துப் போடாதீர்கள். ஒரு வேலை, அதன் பிறகு சில நாள் ஓட்டம், அப்புறம் அடுத்தது. நான்கு வேலையை ஒன்றாகச் செய்துவிட்டுப் புதுச் சத்தம் கேட்டால் எந்த வேலையால் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள்: தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, போட்ட பொருள்.

எந்த வேலையை நானே செய்யலாம், எதில் கை வைக்கக் கூடாது?

ஆயில், ஃபில்டர், பிளக், பாட்டரி, பிரேக் பேட், பெல்ட், கூலண்ட், பல்பு, வைப்பர், எளிதில் எட்டும் சென்சார்கள் எல்லாம் பொறுமை இருக்கும் யாருக்கும் வசப்படும். சஸ்பென்ஷன், வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர் அடுத்த படி.

தொடக் கூடாதவை சில உண்டு. ஏர்பேக் வயரிங், பெரும்பாலும் மஞ்சள் கனெக்டர்களுடன் வரும். ஹைபிரிட் வண்டியின் ஆரஞ்சு நிறக் கேபிள்கள். ஏ.சி. வாயு. சரியான கருவி இல்லாமல் காயில் ஸ்பிரிங்கை அமுக்குவது. காமன் ரெயில் (மிக உயர்ந்த அழுத்தத்தில் எரிபொருளைப் பீய்ச்சும்) டீசல் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் எரிபொருள் குழாய்களுக்குப் பக்கத்திலும் கை போகக் கூடாது. அங்கே அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும், ஊசிமுனைக் கசிவுகூடத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

8 முதல் 19 மி.மீ. வரை ரிங் ஸ்பேனரும் சாக்கெட்டும், நல்ல திருப்புளிகள், ஒரு டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டுவது), மல்டிமீட்டர், காரின் கணினி பதிவுசெய்யும் பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனர், ஜாக்கி, ஒரு ஜோடி ஜாக் ஸ்டாண்டு, கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி. சாக்கெட்டில் ஆறு முனை உள்ளதாக வாங்குங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட் துருப்பிடித்த நட்டின் மூலையை மழித்துவிடும். பெரிய பெட்டியில் 200 உருப்படி என்று விற்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் 150 கடைசி வரை பெட்டியிலேயே கிடக்கும்.

டார்க் ரெஞ்ச் ஆடம்பரம் என்று நினைக்கிறார்கள். அலுமினிய ஆயில் பேனில் டிரெயின் போல்ட்டை முழு பலத்தோடு இறுக்கி மரை போன பிறகு அந்த நினைப்பு மாறும். பல கார்களில் டிரெயின் போல்ட்டுக்கு 25 முதல் 40 நியூட்டன் மீட்டர் போதும், வீல் நட்டுக்கு 100 முதல் 120 வரை. கை இந்த வித்தியாசத்தைச் சரியாக உணராது.

ஜாக்கி போட்டுத் தூக்கினால் போதாதா?

போதாது. ஜாக்கி தூக்குவதற்கு, ஸ்டாண்டு தாங்குவதற்கு. ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்குக் கீழே கை, கால், தலை எதுவும் போகக் கூடாது, ஒரு நிமிட வேலைக்குக்கூட. சமமான கெட்டித் தரை, தரையில் இருக்கும் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, ஸ்டாண்டில் இறக்கியதும் பக்கவாட்டில் ஒரு நல்ல தள்ளு. ஆடவில்லை என்றால்தான் உள்ளே போக வேண்டும்.

ஆயில் குடிக்கிறது. இன்ஜின் முடிந்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. "குடிக்கிறது" என்பதை முதலில் எண்ணாக மாற்றுங்கள். சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் பொறுத்து, ஆயில் மட்டம் காட்டும் டிப்ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். மேல் கோடு வரை ஊற்றி 1,000 கி.மீ. ஓட்டிவிட்டு, திரும்ப மேல் கோட்டுக்கு வர எவ்வளவு ஊற்ற வேண்டியிருக்கிறது என்று எழுதுங்கள். சில தயாரிப்பாளர்கள் 1,000 கி.மீ.க்கு ஒரு லிட்டர் வரைகூட ஏற்கத்தக்கது என்கிறார்கள். எனக்கு அது அதிகம்தான், ஆனால் அதுவே இன்ஜின் மரணச் செய்தி அல்ல.

ஆயில் இரண்டு வழியில்தான் போகும். வெளியே கசியும், அல்லது உள்ளே எரியும். வால்வ் கவர் கேஸ்கெட், ஆயில் ஃபில்டர் இருக்கை, கிராங்க் சீல் என்று மேலிருந்து கீழே பாருங்கள். ஆயில் எப்போதும் கீழே வழிந்து, காற்றில் பின்னால் பரவும். அதனால் நனைந்த இடங்களில் மிக உயரமானதும் மிக முன்னால் இருப்பதும்தான் மூலம். கழுவித் துடைத்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

கசிவு இல்லை என்றால் புகையைப் பாருங்கள். இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆனதும் ஒரு கொத்து நீலப் புகை விட்டு நின்றுவிட்டால் வால்வ் சீல் மேல் சந்தேகம் போகும். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது தொடர்ந்து நீலமாக வந்தால் பிஸ்டன் ரிங். இந்த இரண்டுக்கும் முன்னால் பி.சி.வி. வால்வைப் பாருங்கள். கிராங்க் கேஸில் சேரும் வாயுவை இன்டேக்குக்கு அனுப்பும் சிறிய வால்வு அது. அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி சீல் வழியாகவும் ரிங் வழியாகவும் ஆயிலைத் தள்ளும். பல இன்ஜின்களில் பத்து நிமிட வேலை. இன்ஜினைப் பிரிக்கச் சொல்லும் அவசரத்தில் இதை விட்டுவிடுபவர்கள் நிறைய.

அதற்கு மேலும் சந்தேகம் என்றால் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தைப் பாருங்கள். பெட்ரோல் இன்ஜினில் இக்னிஷனையும் எரிபொருளையும் துண்டித்து, எல்லாப் பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து ஒவ்வொரு சிலிண்டராக அளக்க வேண்டும். பொதுவாக 10 முதல் 13 பார் வரும். மொத்த எண்ணைவிட சிலிண்டர்களுக்கு இடையிலான ஒற்றுமைதான் முக்கியம். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அதில் ஒரு சிறு கரண்டி ஆயிலை விட்டு மறுபடி அளந்து பாருங்கள். எண் எகிறினால் ரிங், அசையாமல் இருந்தால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்பு). டீசலுக்கு அழுத்தம் இரண்டு மூன்று மடங்கு என்பதால் அதற்கான கேஜ் வேறு.

இதெல்லாம் கண்டுபிடிக்கும் வரை வாரம் ஒரு முறை டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் எரிவதால் செத்த இன்ஜின்களைவிட, ஆயில் குறைந்தது தெரியாமல் ஓட்டியதால் செத்தவை அதிகம்.

வயதான இன்ஜினுக்குக் கெட்டியான ஆயில் நல்லதுதானே?

கையேட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட கிரேடு (ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்) அனுமதித்திருந்தால், அதற்குள் ஒரு படி மேலே போவதில் தவறில்லை. 5டபிள்யூ-30க்குப் பதில் 5டபிள்யூ-40 என்பது போல. ஒரேயடியாகக் கெட்டியாக ஊற்றினால், ஆயில் அழுத்தத்தில் இயங்கும் வால்வ் டைமிங் அமைப்பும் டென்ஷனரும் குளிரில் தடுமாறும். கசிவை நிறுத்தும் என்று விற்கும் திரவங்கள் சீல்களை ஊதவைப்பவை, ரப்பர் விரிசலுக்கு அவை மருந்தல்ல.

ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலை மாற்றினால் கியர் பாக்ஸே போய்விடும் என்கிறார்களே?

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. கியர் நழுவத் தொடங்கிய பிறகுதான் பலர் ஆயிலை மாற்றுகிறார்கள். தேய்ந்த கிளட்ச் பிளேட்டுகள் ஆயில் மாற்றியதால் குணமாவதில்லை, கொஞ்ச நாளில் நின்றுபோகின்றன, பழி புது ஆயிலின் தலையில் விழுகிறது. கியர் ஒழுங்காக விழுந்துகொண்டிருந்தால் மாற்றுங்கள். மெஷின் வைத்து அழுத்தி ஃப்ளஷ் செய்வதைவிட, டிரெயின் செய்து வெளியே வந்த அளவையே ஊற்றி, சில ஆயிரம் கி.மீ. கழித்து மறுபடி அதையே செய்வது பாதுகாப்பு. ஆயில் எந்த வகை என்பதில் சமரசம் கூடாது. கருகிய வாடையும் உலோகத் துணுக்குகளும் தெரிந்தால், அதற்கு மேல் வீட்டு வேலை இல்லை.

கூலண்ட் குறைகிறது. ஆனால் கீழே ஒரு சொட்டு இல்லை.

சூடான உலோகத்தில் கசியும் கூலண்ட் தரைக்கு வரும் முன்பே ஆவியாகிவிடும், காய்ந்த உப்புப் படிவத்தை மட்டும் விட்டுவிட்டு. ஹோஸ் கிளிப்புகள், ரேடியேட்டர் ஓரங்கள், வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் சிறு துளை, இங்கெல்லாம் வெள்ளையாகவோ நிறமாகவோ பொரிந்திருக்கிறதா பாருங்கள். முன் சீட்டுப் பக்கம் கால்மிதி ஈரமாக இருந்து, கண்ணாடியில் பிசுபிசுப்பான பனி படிந்தால் ஹீட்டர் கோர் (காருக்குள் சூடான காற்று தரும் சிறு ரேடியேட்டர்).

எங்குமே இல்லை, ஆனால் சூடேறிய பிறகும் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை வருகிறது, ரிசர்வாயரில் குமிழி எழுகிறது என்றால் ஹெட் கேஸ்கெட். இன்ஜினில் எரிந்த வாயு கலந்தால் நீலத்திலிருந்து மஞ்சளாக மாறும் திரவம் வைத்துச் சோதிக்கும் கிட் கிடைக்கும், ஹெட்டில் கை வைக்கும் முன் அதைச் செய்யுங்கள். ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய் போல் படிந்திருப்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். குறுகிய தூரமே ஓடும் வண்டியில் வெறும் ஈரத்தாலும் அது வரும்.

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. அழுத்தத்தால்தான் உள்ளே 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் நிற்கிறது, மூடி கழன்ற நொடியில் கொதித்துப் பீய்ச்சும். நிறத்தைப் பார்த்துக் கூலண்டைக் கலக்காதீர்கள், ஒரே நிறத்தில் வேறு வேறு வேதியியல் உண்டு. செறிவாக வாங்கினால் காய்ச்சி வடித்த நீருடன் பாதிக்குப் பாதி.

பிரேக் பேடை நானே மாற்றலாமா? புதிது போட்டும் ஒரு பக்கம் சீக்கிரம் தேய்கிறதே?

மாற்றலாம். ஆனால் பழைய வண்டியில் பேடைவிட ஸ்லைடு பின்தான் பிரச்சினை. சக்கரத்தைக் கழற்றியதும் பேடை உருவுவதற்கு முன் பாருங்கள்: உள் பேடும் வெளிப் பேடும் ஒரே தடிமனா? உள்ளே 2 மி.மீ., வெளியே 7 மி.மீ. என்றிருந்தால் காலிப்பர் நகரவில்லை. அது இரண்டு பின்களில் முன்னும் பின்னும் வழுக்க வேண்டியது. பின்னை மூடும் ரப்பர் உறையான பூட் கிழிந்து தண்ணீர் புகுந்தால் பின் துருவேறி இறுகிவிடும். பின்னை வெளியே எடுத்து, பழைய கிரீஸைத் துடைத்து, உட்கார்ந்த இடத்தையும் சுத்தம் செய்து, ரப்பருக்கு ஒத்துப்போகும் சிலிக்கான் கிரீஸ் பூசுங்கள். சாதாரணப் பெட்ரோலிய கிரீஸ் பூட்டையும் பின்னில் உள்ள ரப்பரையும் ஊதவைத்து மறுபடி இறுக்கிவிடும். சரியாகச் செய்த பிறகு ஸ்லைடு பின் விரலால் தள்ளினாலே வழுக்கும்.

காலிப்பரை ஹோஸிலேயே தொங்கவிடாதீர்கள், கம்பி போட்டுக் கட்டுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ரிசர்வாயரில் திரவம் ஏறும், வழிகிறதா பாருங்கள், பெயின்டில் பட்டால் உரித்துவிடும். பின் சக்கரத்தில் மின்சாரப் பார்க்கிங் பிரேக் இருந்தால் ஸ்கேனரில் சர்வீஸ் மோடு போடாமல் தள்ளக் கூடாது. எல்லாம் பூட்டிய பிறகு, வண்டியை அசைப்பதற்கு முன், பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள். இதை மறந்தால் முதல் பிரேக்குக்கு பெடல் தரை வரை போகும்.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 திரவத்துக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி, ஈரம் ஏறிய நிலையில் 155. நீண்ட இறக்கத்தில் பெடல் மெத்தென்று ஆவதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்ல வழக்கம். பழைய வண்டியில் பிளீடிங் (குழாயிலிருந்து பழைய திரவத்தையும் காற்றையும் வெளியேற்றுவது) செய்யும்போது பெடலைத் தரை வரை மிதிக்காதீர்கள். மாஸ்டர் சிலிண்டரின் சீல், வழக்கமாகப் போகாத அரிப்பேறிய பகுதிக்குள் போய்க் கிழியலாம். பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வைத்துவிட்டால் கவலையில்லை. சிலிக்கான் அடிப்படையிலான டாட் 5ஐ மற்றவற்றோடு கலக்கக் கூடாது.

செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனர் சொல்லும் சென்சாரை மாற்றிவிடலாமா?

ஸ்கேனர் எந்தப் பாகத்தையும் மாற்றச் சொல்வதில்லை, எந்த அளவு வரம்பு மீறியது என்று மட்டும் சொல்கிறது. உதாரணமாக, பி0171 என்ற பழுதுக் குறியீடு வந்தால் கலவையில் எரிபொருள் குறைவு. ஆக்சிஜன் சென்சார் அதைச் சரியாகத்தான் புகார் செய்கிறது, அதை மாற்றி என்ன பயன்? விரிசல் விட்ட வேக்குவம் ஹோஸ், அழுக்கேறிய காற்றோட்டச் சென்சார், தளர்ந்த எரிபொருள் பம்ப் என்று தேட வேண்டும். பி0420 வந்தால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை (புகையைச் சுத்தப்படுத்தும் பாகம்) வாங்கப் புறப்படாதீர்கள், புகைக்குழாயில் கசிவு இருந்தாலும் அதே குறியீடு வரும்.

குறியீட்டை அழிப்பதற்கு முன் ஃப்ரீஸ் ஃப்ரேம் தகவலைக் குறித்துக்கொள்ளுங்கள். பழுது பதிவான நேரத்தில் வேகம், சூடு, லோடு எவ்வளவு என்று அதில் இருக்கும். விளக்கு நிலையாக எரிந்தால் நிதானமாகப் பார்க்கலாம். மினுக்கினால் கடுமையான மிஸ்ஸிங் (சிலிண்டரில் எரிபொருள் எரியாமல் தவறுவது), எரியாத எரிபொருள் கன்வெர்ட்டருக்குள் போய் அதைக் கருக்கும். ஓரமாக நிறுத்துங்கள்.

துருப்பிடித்த போல்ட் அசையவே மறுக்கிறது.

பலத்தைவிடப் பொறுமை கேட்கும் வேலை. வெளியே தெரியும் மரையை வயர் பிரஷால் தேயுங்கள், ஊடுருவும் எண்ணெய் அடியுங்கள், இரவெல்லாம் விடுங்கள், காலையில் மறுபடி அடித்து, போல்ட் தலையில் சுத்தியலால் நாலைந்து தட்டு. முதலில் இறுக்கும் பக்கமாக இம்மி அளவு திருப்புங்கள், பிறகு கழற்றும் பக்கம். 'க்ரக்' என்று சத்தம் வந்து அசைந்தால் துரு விட்டுவிட்டது. அசைந்த பிறகு ஒரே மூச்சில் கழற்ற நினைக்க வேண்டாம், அரைச் சுற்று வெளியே, கால் சுற்று உள்ளே. அசையாமலே ரப்பர் போல் முறுகி இழுத்தால் உடனே நிறுத்துங்கள், ஒடியப் போகிறது.

சூடு வைப்பது நன்றாக வேலை செய்யும். எரிபொருள் குழாய்க்கும் ரப்பருக்கும் அருகில் கூடாது. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் தீ காட்டவே கூடாது, நச்சு வாயு உண்டாகும். ஸ்பார்க் பிளக் விஷயத்தில் மட்டும் தலைகீழ்: அலுமினிய ஹெட்டில் இன்ஜின் ஆறிய பிறகே கழற்றுங்கள்.

காலையில் ஸ்டார்ட் ஆகச் சிரமப்படுகிறது. பாட்டரியா, ஸ்டார்ட்டரா?

மல்டிமீட்டரை எடுங்கள். இரவு நின்ற பாட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.7 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் 9.6க்குக் கீழே விழுந்தால் பாட்டரி பலவீனம். எல்லாம் சரியாக இருந்தும் சோம்பலாகச் சுற்றினால், பாட்டரி மைனஸ் முனைக்கும் இன்ஜின் உடம்புக்கும் நடுவே மீட்டரை வைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிள்தான் குற்றவாளி. கழற்றும்போது மைனஸ் முதலில், பூட்டும்போது மைனஸ் கடைசியில்.

சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திரும்பும்போது கடகடவென்றால் சி.வி. ஜாயின்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டு). வேகத்தோடு ஏறும் முனகல், வளைவில் ஒரு பக்கம் சாயும்போது கூடிக் குறைந்தால் வீல் பேரிங். மேடு பள்ளத்தில் 'டொக்' என்றால் சஸ்பென்ஷனின் லிங்க் ராடு அல்லது புஷ்.

பழைய ஆயிலையும் கூலண்டையும் என்ன செய்வது?

மண்ணிலோ சாக்கடையிலோ ஊற்றாதீர்கள். மூடியுள்ள கேனில் தனித்தனியாகச் சேர்த்து, பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் இடத்தில் கொடுங்கள். எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலண்ட் இனிக்கும், நாயும் பூனையும் நக்கிவிட்டுச் செத்துப்போகும். தரையில் சிந்தியதைக் கழுவும் வரை அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.

எல்லாம் பூட்டி முடித்துவிட்டேன். ஒரு போல்ட் மிச்சம் இருக்கிறது.

கம்பெனிக்காரன் கூடுதலாக ஒன்று போட்டிருப்பான் என்று சிரித்துவிட்டுக் கிளம்பாதீர்கள். பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் வேலை செய்திருந்தால் அது கிடைக்கும் வரை சாவியைத் தொட வேண்டாம். போல்ட்டின் மரையைப் பாருங்கள்: எந்த நீளம் வரை அழுக்கில்லாமல் பளபளக்கிறதோ அவ்வளவு ஆழமான துளையில் இருந்தது. தலையின் அடியில் வாஷர் தடம் இருக்கிறதா, ஆயில் பட்டிருக்கிறதா, துருவா என்று பார்த்தாலே எந்தப் பகுதி என்று பாதி தெரிந்துவிடும். அடுத்த முறை கழற்றுவதற்கு முன் போனில் படம் எடுத்துவிட்டு, ஒவ்வொரு பாகத்தின் போல்ட்டுகளையும் தனிக் கிண்ணத்தில் போடுங்கள்.